வாசகர் கேள்வி-பதில்: மடிக்கணினியில் லினக்ஸும் பிஎஸ்டியும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. அதிலிருந்து இந்தப் பகுதிக்கு ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது: நல்ல நிலையில் இருக்கும் பழைய மடிக்கணினியை என்ன செய்வது? லினக்ஸ் போடலாம் என்று தெரிந்தவர்கள், எந்த லினக்ஸ் என்று கேட்கிறார்கள். மேசைக்கணினி என்றால் அது சரியான கேள்வி. மடிக்கணினியில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, உள்ளே இருக்கும் வைஃபை சிப் எது, பயாஸில் (கணினி துவங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) சேமிப்பு எந்த முறையில் இருக்கிறது, மூடினால் எப்படித் தூங்குகிறது என்பவை. இம்முறை அத்தகைய கேள்விகளையே பொறுக்கி எடுத்திருக்கிறோம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் தருகிறோம். கணினியில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் கழித்துக்கட்டிய திங்க்பேட் டி470 ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. லினக்ஸ் மிண்ட் போட்டால் மசேநி (மத்திய சேமநிதி), வருமான வரி வேலையெல்லாம் நடக்குமா? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: நடக்கும். இந்தச் சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. கணினித் திரையில் வரும் கியூஆர் குறியீட்டை அதில் வருடினால் போதும். ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் எதிலும் அது வேலை செய்யும். நடக்காதவை வேறு: மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸின் முழு மென்பொருள், சில நிறுவனங்களின் விபிஎன், பழைய பிரிண்டர்களோடு வரும் ஸ்கேன் நிரல்கள். இவற்றில் ஏதாவது உங்களுக்குத் தினசரித் தேவை என்றால் முதலில் அதை யோசியுங்கள்.

உங்கள் இயந்திரத்தில் குறை எதுவுமில்லை. இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. டி470-இல் இருப்பது 6 அல்லது 7-ஆம் தலைமுறை. அவ்வளவுதான். லினக்ஸைப் பொறுத்தவரை டி470 வம்பில்லாத பெட்டி. வைஃபை, ஒலி, திரை பெரும்பாலும் இன்டெல்லுடையவை. தனியாக எந்த இயக்கியும் (டிரைவர்) தேட வேண்டாம். மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும்.

8 ஜிபி யூஎஸ்பி குச்சி ஒன்று போதும். மிண்ட் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, அதன் எஸ்எச்ஏ256 கூட்டுத்தொகையைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே ரூஃபஸ் அல்லது எட்சர் கொண்டு குச்சியில் எழுதுங்கள். பாதி இறங்கிய கோப்பால் நிறுவல் நடுவழியில் நின்று, கணினியைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். குச்சியைச் செருகி, மின்சாரம் போட்டதும் எஃப்12 தட்டினால் துவக்கப் பட்டியல் வரும். எச்பி என்றால் எஃப்9, ஆசுஸ் என்றால் எஸ்கேப்.

உடனே நிறுவிவிடாதீர்கள். குச்சியிலிருந்தே மிண்ட் ஓடும். அரை மணி நேரம் அப்படியே பழகுங்கள். வைஃபை இணைகிறதா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் கேட்கின்றனவா, கேமராவில் முகம் தெரிகிறதா, மூடித் திறந்தால் எழுகிறதா? இதில் தேறினால் நிறுவிய பிறகும் தேறும்.

நிறுவும்போது விசைப்பலகையை ஆங்கிலம் அமெரிக்கா என்றே விடுங்கள்; இங்கே விற்கும் மடிக்கணினிகள் பெரும்பாலும் அந்த அமைப்புதான். மல்டிமீடியா கோடெக்குகள் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். வட்டு பற்றிய பக்கத்தில் மேம்பட்ட வசதிகளுக்குள் போய், எல்விஎம்மும் மறையாக்கமும் சேர்ந்த தேர்வை எடுங்கள். எம்ஆர்டியில் மறந்துவிடக்கூடிய பொருளுக்கு மறையாக்கம் இல்லாமல் இருப்பது சரியல்ல. ஆனால் அந்தக் கடவுத்தொடர் மறந்துபோனால் கோப்புகளை மீட்க யாராலும் முடியாது. தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். நிறுவி முடித்ததும் முதல் வேலை டைம்ஷிஃப்ட்டை இயக்கி ஒரு நிலைப்பதிவு எடுத்துக்கொள்வது. அது கணினி அமைப்பைத்தான் காக்கும், உங்கள் படங்களை அல்ல. அவற்றுக்கு வெளி வட்டு தனியாக வேண்டும்.

கேள்வி: விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருக்கிறேன். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் 8 மணி நேரம் பின்னால் நிற்கிறது. பேட்டரி போய்விட்டதா? (வாசகர், தோ பாயோ)

பதில்: இல்லை. மதர்போர்டிலுள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே சிங்கப்பூர் நேரம் என்று படிக்கிறது. நமக்கும் உலக நேரத்துக்கும் இடைவெளி 8 மணி. (1982-க்கு முன்னால் என்றால் ஏழரை மணி. அந்த ஏழரை இப்போது நமக்கு இல்லை.) லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையை செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்ற சொல்லோடு கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். விட்டுவைக்காதீர்கள், நேரம் தவறினால் இரண்டாம் அடையாளச் சரிபார்ப்பு எண்கள் செல்லாமல் போகும், சில இணையத்தளங்கள் திறக்கவே மறுக்கும்.

கேள்வி: ஏசர் மடிக்கணினி, இன்டெல் 11-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11-உடன் உபுண்டு லினக்ஸும் வைக்க நினைத்தேன். நிறுவும் இடத்தில் என் எஸ்எஸ்டி தெரியவே இல்லை. யூஎஸ்பி குச்சி மட்டும் தெரிகிறது. வட்டு கெட்டுவிட்டதோ? (வாசகி, செங்காங்)

பதில்: வட்டு நன்றாகத்தான் இருக்கிறது, விண்டோஸ் ஓடுகிறதே. இன்டெல்லின் விஎம்டி என்ற இடைத்தரகர் அதை மறைத்துக்கொண்டிருக்கிறார். பழைய தலைமுறைகளில் இதே வேலையை ஆர்எஸ்டி, ரெய்டு என்ற பெயர்களில் பயாஸில் பார்க்கலாம். ஒற்றை எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினிக்கு இதனால் பயன் ஏதுமில்லை. லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையக்கரு) விஎம்டிக்கு இயக்கி இருந்தாலும் எல்லா மாடலிலும் அது ஒழுங்காகப் பிடிப்பதில்லை, நிறுத்திவிடுவதே மேல்.

ஆனால் நேரே பயாஸுக்குப் போய் நிறுத்தினால் விண்டோஸ் நீலத்திரையில் விழும். அது விஎம்டி இயக்கியை நம்பித் துவங்கப் பழகியிருக்கிறது. எனவே இந்த வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலில் பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் வட்டு மறையாக்கம். ஹோம் பதிப்பில் இதற்குச் சாதன மறையாக்கம் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால் உங்களுக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். பயாஸில் கை வைத்தால் அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் அது இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மறையாக்கத்தை முழுவதும் அணைத்துவிட்டால் இன்னும் நல்லது. பெரிய வட்டென்றால் சற்று நேரம் பிடிக்கும்.

அடுத்து, விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் என்ற தாவலில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுங்கள். இப்போது மறுதொடக்கம், எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் போங்கள். ஏசரில் விஎம்டி அமைப்பு கண்ணில் படாது. மெயின் தாவலில் இருக்கும்போது கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் அந்த வரி முளைக்கும். அதை நிறுத்தி, எஃப்10-ஆல் சேமியுங்கள். அதே தாவலில் எஃப்12 பூட் மெனு என்பதையும் இயக்கிவிடுங்கள். ஏசர் அதை அணைத்தே அனுப்புகிறது.

விண்டோஸ் இப்போது சேஃப் நிலையில் எழும். அந்த நிலையில் எல்லா அடிப்படைச் சேமிப்பு இயக்கிகளையும் அது ஏற்றிப் பார்ப்பதால், வட்டைப் புதிய வழியில் கண்டுபிடித்துக்கொள்ளும். ஒரு சிக்கல்: அங்கே நான்கு இலக்கப் பின் எண் பலருக்குச் செல்லாமல் போகிறது, கணக்கின் முழுக் கடவுச்சொல் தேவைப்படும். முன்பே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை எடுத்துவிட்டு மறுபடி துவக்குங்கள். எங்காவது தடுக்கி நீலத்திரை வந்தாலும் பதற வேண்டாம். விஎம்டியை மீண்டும் இயக்கினால் பழையபடி துவங்கும். தரவுக்கு ஒன்றும் ஆகாது.

இன்னும் இரண்டு. விண்டோஸின் மின்சாரத் தேர்வுகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாமல் போவதற்கு அதுவே காரணம். அடுத்தது செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரல் துவங்காமல் தடுக்கும் வசதி): அணைக்கத் தேவையில்லை, உபுண்டுவும் மிண்டும் கையொப்பமிட்ட துவக்கியோடுதான் வருகின்றன. நிறுவிய பின்னும் ஏசர் நேரே விண்டோஸுக்கே போனால், பயாஸில் மேற்பார்வைக் கடவுச்சொல் ஒன்று வையுங்கள். அப்போதுதான் நம்பகமான யூஈஎஃப்ஐ கோப்பைத் தேர்ந்தெடுக்கும் வரி திறக்கும். இஎஃப்ஐ, உபுண்டு என்ற அடைவுகளுக்குள் ஷிம்எக்ஸ்64 என்ற கோப்பைக் காட்டுங்கள். அந்தக் கடவுச்சொல்லையும் தாளில் எழுதுங்கள்.

கேள்வி: மேக்புக் ஏர் 2015. ஆப்பிள் புதிய பதிப்புகள் தருவதில்லை என்பதால் மிண்ட் போட்டேன். எல்லாம் சரி, வைஃபை மட்டும் இல்லை. ஈத்தர்நெட் துளையும் கிடையாது. இயக்கியை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு இயக்கி வேண்டும்! (வாசகர், ஈசூன்)

பதில்: உள்ளே இருப்பது பிராட்காம் சிப். அதன் இயக்கி திறந்த மூலம் அல்ல. அதனால் தானாக வராது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால் டேட்டாவும் செலவாகாது. பிறகு மிண்ட்டின் டிரைவர் மேனேஜரில் பிராட்காமுக்கு நேராக இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

பின்னால் வரப்போவதையும் சொல்லிவிடுகிறோம். இந்த இயக்கி ஒவ்வொரு கெர்னல் மாற்றத்தின்போதும் புதிதாகக் கட்டப்படுகிறது. பிராட்காம் இதைக் கைவிட்டு வருடங்கள் ஆகின்றன; ஆகவே மிகப் புதிய கெர்னலில் கட்டுமானம் தோற்று, ஒரு நாள் காலையில் வைஃபை காணாமல் போகலாம். துவக்கும்போது கிரப் பட்டியலில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் பழைய கெர்னலை எடுத்தால் திரும்பி வரும். மிண்ட் தரும் வழக்கமான கெர்னலிலேயே இருங்கள். புதியது வேண்டும் என்ற ஆசையை வேறு கணினியில் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்த மேக்கின் கேமராவுக்கும் தனி இயக்கி உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டும். யூஎஸ்பி கேமரா வாங்குவது மலிவான நிம்மதி.

செக்யூர் பூட் உள்ள விண்டோஸ் மடிக்கணினிக்காரர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பிராட்காம், என்விடியா போன்ற வெளி இயக்கிகளை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீல நிறத்தில் எம்ஓகே நிர்வாகம் என்ற திரை வரும். பலர் ஏதோ பிழை என்று எண்ணித் தாண்டிவிடுகிறார்கள். சில நொடிகள் தொடாமல் இருந்தால் அதுவே போய்விடும். அங்கே என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, யெஸ், பிறகு அந்தக் கடவுச்சொல். இதைச் செய்யாவிட்டால் இயக்கி நிறுவப்பட்டிருக்கும், ஆனால் ஏறாது.

கேள்வி: 2009-இல் வாங்கிய சின்ன நெட்புக், 1 ஜிபி ராம், 32 பிட். ஏதாவது போடலாமா? (வாசகர், பிடோக்)

பதில்: டெபியன் லினக்ஸ் 13-இல் 32 பிட் இன்டெல்லுக்கு நிறுவியும் கெர்னலும் இல்லை. லினக்ஸைப் போலவே யூனிக்ஸ் வழியில் வந்த பிஎஸ்டி இயங்குதளங்களில் ஃபிரீபிஎஸ்டியும் 15-ஆம் பதிப்போடு விட்டுவிட்டது. ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி இன்னும் ஓடும். ஆனால் இன்றைய இணையத்தளம் ஒன்றே 1 ஜிபியை விழுங்கிவிடும். எழுதப் பழக, டெர்மினல் பழக வைத்துக்கொள்ளுங்கள், பணம் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: இரவு 100 விழுக்காடு. காலையில் மூடிப் பையில் வைத்துக்கொண்டு ஜூரோங்கிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போய்ச் சேர்ந்தால் பை சுடுகிறது, மின்கலம் பாதியாகிவிடுகிறது. ஃபெடோரா லினக்ஸ்தான் காரணமா? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: ஃபெடோராவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பழைய மடிக்கணினிகளில் தூக்கம் என்றால் எஸ்3: ராமுக்கு மட்டும் மின்சாரம், மற்றதெல்லாம் அணைந்துவிடும். புதியவற்றில் அதற்குப் பதில் எஸ்0ஐஎக்ஸ். கைப்பேசி போல, செயலி அணையாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். எல்லாச் சில்லுகளும் ஒத்துழைத்தால்தான் அது ஆழ்ந்து தூங்கும். ஒரு எஸ்எஸ்டியோ, செருகியே விட்ட மவுஸ் டாங்கிளோ விழித்திருந்தாலும் முழு இயந்திரமும் விழித்திருக்கும். காற்றுப் போகாத பையில் அந்தச் சூடு எங்கே போகும்?

சிஸ், பவர் அடைவுகளுக்குள் மெம்_ஸ்லீப் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். டீப் என்ற சொல் இருந்தால் உங்களுக்கு எஸ்3 உண்டு. அடைப்புக்குறி எஸ்2ஐடில் (அரைத்தூக்கம்) மீது இருந்தால், கெர்னல் வரியில் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப் என்று சேர்த்தால் மாறிவிடும். 2018 முதல் சில ஆண்டுகள் வந்த திங்க்பேட்களில் பல, பயாஸிலேயே தேர்வு தருகின்றன: கான்ஃபிக், பவர், ஸ்லீப் ஸ்டேட் என்று போய் லினக்ஸ் என்று மாற்றுங்கள்.

டீப் இல்லவே இல்லை என்றால் (11-ஆம் தலைமுறைக்குப் பிறகு இதுவே வழக்கம்) வேறு வழி. முதலில் எஃப்டபிள்யூயூபிடி மூலம் பயாஸைப் புதுப்பியுங்கள்; தூக்கம் தொடர்பான பிழைகள் அதில்தான் தீர்கின்றன. பிறகு ரூட்டாக (நிர்வாகியாக) நுழைந்து, சிஸ், கெர்னல், டீபக், பிஎம்சி_கோர் அடைவில் எஸ்எல்பி_எஸ்0_ரெசிடென்சி_யூசெக் என்ற எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் தூங்கவைத்து, மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் ஆழ்ந்து தூங்குகிறது. ஏறாமல் நின்றால் யாரோ தடுக்கிறார்கள். யூஎஸ்பி கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி சோதியுங்கள். இது ஏஎம்டி செயலிகளுக்குப் பொருந்தாது, இன்டெல்லுக்கு மட்டும்.

ஹைபர்னேட் (ராமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைவது) செய்யலாமே என்பீர்கள். அதற்கு ராம் அளவுக்குக் குறையாத ஸ்வாப் பகுதி வட்டில் வேண்டும். ஃபெடோரா இயல்பாக வைப்பது ராமுக்குள்ளேயே அமையும் சுருக்கப்பட்ட ஸ்வாப், அது உதவாது. தவிர, செக்யூர் பூட் இயங்கினால் கெர்னலே ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும். எங்கள் கருத்தில், காலையில் கிளம்பும்போது அணைத்துவிடுங்கள். எஸ்எஸ்டி இருக்கும் கணினி எழ எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது?

கேள்வி: மகன் உயர்நிலை 2. பள்ளியில் வாங்கிய குரோம்புக்கில் லினக்ஸ் போட வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். செய்யலாமா? (ஒரு தாயார், பொங்கோல்)

பதில்: இப்போது வேண்டாம், அம்மா. தனிப்பட்ட கற்றல் சாதனத்தில் கல்வி அமைச்சின் ஏற்பாட்டின்படி சாதன நிர்வாக மென்பொருள் இருக்கிறது. குரோம்புக்கை முழுவதும் அழித்தாலும் இணையத்தில் இணைந்த உடனே பள்ளி நிர்வாகத்துக்குள் திரும்பிப் போய்விடும். குரோம்ஓஎஸ்ஸுக்குள்ளேயே டெபியன் ஓடும் லினக்ஸ் சூழல் ஒன்று உண்டு. அதைத் திறப்பதா மூடுவதா என்பது பள்ளியின் கையில். ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

படித்து முடித்துப் பள்ளியை விட்டுப் போகும்போது அந்த மென்பொருள் நீக்கப்படும். அப்போதும் குரோம்புக்கில் முழு லினக்ஸ் போடுவது மற்ற கணினிகள் போல அல்ல. ஃபர்ம்வேரை (சிப்பிலேயே பதிந்த நிரல்) மாற்றி எழுதவிடாத பூட்டை எடுக்க, மாடலைப் பொறுத்து அடிமூடியைக் கழற்றி ஒரு திருகாணியையோ மின்கல இணைப்பையோ நீக்க வேண்டியிருக்கும். அத்தனையும் செய்த பிறகு ஒலி வராமல் போவது சர்வசாதாரணம். பையனுக்கு ஆர்வம் இருக்கிறதே, அதை அணைக்காதீர்கள். வீட்டில் பழைய விண்டோஸ் மடிக்கணினி இருந்தால் ஒரு யூஎஸ்பி குச்சியில் மிண்ட் எழுதிக் கொடுங்கள். வட்டைத் தொடாமல் பழகிக்கொள்வான்.

கேள்வி: தமிழ்மொழி ஆசிரியை நான். உபுண்டுவில் தமிழ்99 வேண்டும். அமைப்பில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தேன். புள்ளி தானாக விழவில்லை. பள்ளிக்கு அனுப்பும் கோப்புகளில் எழுத்துருவும் மாறிவிடுகிறது. (வாசகி, சுவா சூ காங்)

பதில்: நீங்கள் சேர்த்தது வெறும் விசை வரைபடம். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்பதே அதற்குத் தெரியும். ககரத்தை இருமுறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி வைக்கும் அறிவு அதற்கு இல்லை. அந்த அறிவு எம்17என் தொகுப்பில் இருக்கிறது. ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் உள்ளீட்டு மூலம் சேர்க்கும்போது, தமிழ் என்பதன்கீழ் டமில்99 என்று எம்17என் பெயரோடு இருப்பதை எடுங்கள். முன்பு சேர்த்ததை நீக்கிவிடுங்கள், இல்லையேல் எது ஓடுகிறது என்று குழம்பும். விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்ந்தால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தாவும்.

அஞ்சல் முறையில் பழகிய மாணவர்களுக்கு அதே பட்டியலில் ஃபொனெட்டிக் உள்ளது. பெரும்பாலும் ஒத்துப்போகும், ஓரிரு எழுத்துகளுக்கு விசை வேறுபடலாம் என்பதால் வகுப்பில் கொடுக்கும் முன் ந, ன, ண மூன்றையும் தட்டிப் பாருங்கள்.

எழுத்துரு மாறுவதற்குக் காரணம், லதாவும் நிர்மலாவும் மைக்ரோசாஃப்ட்டின் உடைமை, லினக்ஸோடு வராது. லிப்ரஆஃபிஸ் அருகில் கிடைத்த வேறொன்றைப் போட்டுவிடுகிறது, வரி அகலம் மாறுகிறது, இரண்டு பக்கத் தேர்வுத்தாள் மூன்று பக்கமாகிறது. இரு பக்கமும் நோட்டோ சான்ஸ் தமிழைப் பயன்படுத்துவது நிரந்தரத் தீர்வு. இலவசம், விண்டோஸிலும் நிறுவலாம். அச்சுக்குப் போவதைப் பிடிஎஃப்பாக அனுப்புங்கள். லிப்ரஆஃபிஸில் மொழி அமைப்புகளுக்குள் சிக்கல் எழுத்து அமைப்பு என்ற பகுதியை இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுக்கவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நீங்கள் எழுத்துரு அளவை மாற்றும்போது ஆங்கிலம் மட்டும் மாறி, தமிழ் அசையாமல் நிற்கும்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். லினக்ஸ் ஓரளவு தெரியும். திங்க்பேட் டி480-இல் பிஎஸ்டி போட ஆசை. ஃபிரீபிஎஸ்டியா, ஓபன்பிஎஸ்டியா? (மாணவர், அங் மோ கியோ)

பதில்: எதற்கு என்பதைப் பொறுத்தது. இசட்எஃப்எஸ் (கோப்பு முறைமை), ஜெயில் (நிரல்களைத் தனித்து ஓட்டும் அடைப்பு) இவற்றைக் கற்க வேண்டும் என்றால் ஃபிரீபிஎஸ்டி. மடிக்கணினி மடிக்கணினியாக இருக்க வேண்டும், மூடினால் தூங்கித் திறந்தால் எழ வேண்டும் என்றால், இந்த மாடலில் ஓபன்பிஎஸ்டி குறைவாகவே தொல்லை தரும். அதை உருவாக்குபவர்களில் பலர் திங்க்பேட்காரர்கள்.

ஓபன்பிஎஸ்டியின் நிறுவி சில கேள்விகள் கேட்கும் எழுத்துத் திரை மட்டும், 7.3 பதிப்பிலிருந்து வட்டு மறையாக்கத்தையும் அதுவே கேட்கிறது. வைஃபைக்கான இன்டெல் ஃபர்ம்வேர் உரிமம் காரணமாகக் கூடவே வராது. முதல் துவக்கத்தில் எஃப்டபிள்யூ_அப்டேட் அதை இணையத்திலிருந்து எடுக்கும். டி480-இல் ஈத்தர்நெட் துளை இருக்கிறது. நிறுவும் அன்று ரௌட்டர் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியைச் செருகிவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

அங்கே இல்லாதவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள். புளூடூத் கிடையாது, 2014-இலேயே எடுத்துவிட்டார்கள். கம்பியில்லா ஹெட்ஃபோன் வேண்டுமென்றால் யூஎஸ்பி ஒலி டாங்கிள்தான். மைக்கும் கேமராவும் இயல்பில் மூடியிருக்கும்: பதிவு செய்தால் நிசப்தமும் கறுப்புமே வரும். சிஸ்சிடிஎல் வழியாக கெர்ன்.ஆடியோ.ரெக்கார்ட், கெர்ன்.வீடியோ.ரெக்கார்ட் இரண்டையும் 1 ஆக்கினால் திறக்கும். ஹைப்பர்திரெடிங்கும் பாதுகாப்புக்காக அணைந்தே இருக்கும். எட்டுத் திரெட் நான்காகத் தெரிந்தால் திகைக்காதீர்கள். காசு கட்டிப் பார்க்கும் படச் சேவைகள் ஓடா.

ஃபிரீபிஎஸ்டியில் நிலைமை முன்னேறி வருகிறது. 2024-இல் அதன் அறக்கட்டளையும் குவாண்டம் லீப் ரிசர்ச்சும் சேர்ந்து மடிக்கணினி ஆதரவுக்கென்று 750,000 அமெரிக்க வெள்ளி ஒதுக்கின. இன்டெல் வைஃபையில் நெடுங்காலம் பழைய வேகமே கிடைத்துவந்தது, இப்போது 802.11ஏசி வரை வந்திருக்கிறது. திரைக்கு டிஆர்எம்-கேமோட் பொதியை நிறுவி, ஆர்சி.கான்ஃப் கோப்பின் கேஎல்டி_லிஸ்ட் வரியில் ஐ915கேஎம்எஸ் சேர்த்து, உங்கள் பயனர்பெயரை வீடியோ குழுவில் போட வேண்டும். இந்த மூன்றாவதை விட்டுவிட்டு, படம் நத்தையாக நகர்கிறது என்று புலம்புவோர் ஏராளம்.

பெரிய பொறி பதிப்பு உயர்த்தும்போது. டிஆர்எம்-கேமோட் ஒரு குறிப்பிட்ட கெர்னலுக்கென்று கட்டப்பட்டது, 14.2-இலிருந்து 14.3-க்குத் தாவினால் பழைய தொகுதி புதிய கெர்னலோடு மோதி, துவக்கும் நடுவிலேயே திரை இருண்டுவிடலாம். உயர்த்தும் முன் பிஇசிடிஎல் கிரியேட் என்று ஒரு துவக்கச் சூழலைப் பெயரிட்டு எடுத்து வையுங்கள். இருண்டால் துவக்கப் பட்டியலிலிருந்து அந்தப் பழைய சூழலைத் தேர்ந்தெடுத்துத் திரும்பி வரலாம். நிறுவும்போது இசட்எஃப்எஸ் எடுத்திருந்தால்தான் இது முடியும். யூஎஃப்எஸ் என்ற மற்றக் கோப்பு முறைமையை எடுத்தவர்கள் ஒற்றைப் பயனர் நிலைக்குப் போய், கேஎல்டி_லிஸ்ட் வரியைக் கையால் அழிக்க வேண்டும்.

கேள்வி: லினக்ஸுக்காகப் பழைய மடிக்கணினி வாங்கப்போகிறேன். சிம் லிம் ஸ்குவேர் கடைகளா, கெரோசல் இணையச் சந்தையா? எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: கடையில் சில வாரங்களாவது உத்தரவாதம் கேட்டு வாங்கலாம், கெரோசலில் விலை இறங்கும், உத்தரவாதம் இருக்காது. எங்கே வாங்கினாலும் மிண்ட் எழுதிய குச்சியைக் கையோடு கொண்டுபோங்கள். எம்ஆர்டி நிலைய வாசலில் சந்திக்கிறவரிடமும், பத்து நிமிடம் குச்சியில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

குச்சியைச் செருகும் முன் பயாஸைத் திறங்கள், திங்க்பேட்டில் எஃப்1. மேற்பார்வைக் கடவுச்சொல் கேட்டால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளலாம். அலுவலகங்கள் வைத்த பூட்டு அது. திங்க்பேட்டில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போகாது, அமைப்பு எதையும் உங்களால் மாற்ற முடியாது. விண்டோஸுக்குள் பழைய நிறுவனத்தின் பெயர் வருவது வேறு விஷயம். வட்டை அழித்து லினக்ஸ் போடும் உங்களுக்கு அது தடையில்லை.

மிண்ட் எழுந்ததும் மின்சாரப் புள்ளிவிவரத்தில் முழுக் கொள்ளளவையும் வடிவமைப்புக் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். 48 வாட்-மணி கலம் 30-க்குக் கீழே வந்திருந்தால் புதுக் கலத்தின் விலையைப் பேரத்தில் கழியுங்கள். டி470, டி480-இல் கலம் இரண்டு, ஒன்று உள்ளே இருக்கும், இரண்டையும் பாருங்கள். டச்பேட் சற்றே மேலெழும்பி, அழுத்தினால் கிளிக் ஆகவில்லையா? உள்ளே கலம் வீங்குகிறது. வாங்காதீர்கள்.

ராம் பற்றி: டி480-இல் இரண்டு இடம் உண்டு, நாமே மாற்றலாம். எக்ஸ்280-இலும் எக்ஸ்1 கார்பனிலும் பலகையோடு ஒட்டியது. 8 ஜிபி என்றால் கடைசிவரை 8 ஜிபிதான். டி480-இல் யூஎஸ்பி-சி துளைகள் இரண்டிலும் மின்னேற்றிப் பாருங்கள். அதன் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் இருந்த பிழையால் சில பெட்டிகளில் அந்தத் துளை செயலிழந்திருக்கிறது. திருத்தம் லெனோவோ தளத்தில் உண்டு, கெடுவதற்கு முன்னால் போட்டால்தான் பலன். மின்னேற்றியில் சிங்கப்பூர்ப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். பழைய மடிக்கணினியோடு எங்கிருந்தோ வந்த போலி அடாப்டரைத் தள்ளிவிடும் வழக்கம் உண்டு.

கேள்வி: டி480-இல் கைரேகை மட்டும் லினக்ஸில் வேலை செய்யவில்லை. என்ன வழி? (வாசகி, கிளமெண்டி)

பதில்: அந்தக் கைரேகைச் சிப்பை, லினக்ஸில் கைரேகையைக் கையாளும் லிப்எஃப்பிரிண்ட் இயல்பாக ஆதரிப்பதில்லை. பைதான்-வேலிடிட்டி என்ற தனித் திட்டம் ஓட்டிவிடும், ஆனால் தூங்கி எழுந்தபின் அடிக்கடி மறந்துவிடும். கடவுச்சொல்லைத் தட்டுங்கள்.